மாத்திரை தவறாத இருவர்

ஜப்பானிய வாடிக்கையாளருக்கும் நம் ஊர் டெவலப்பர்களுக்கும் நடுவில் நின்று பேசுவது என் வேலை. டோக்கியோவில் இதை பிரிட்ஜ் எஸ்.இ. என்பார்கள். தேவைகளை விளக்குவது, தாமதத்துக்குக் காரணம் சொல்வது, மீட்டிங்கில் யார் எதற்குத் தயங்குகிறார் என்று கவனிப்பது எல்லாமே ஜப்பானிய மொழியில்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை நான் ஒரு ராக் ஆல்பம் கேட்கச் சொல்வேன். 2013இல் வெளிவந்த ‘ஸ்காட் அண்ட் ரிவர்ஸ்’.

பாடுகிறவர்கள் இருவரும் அமெரிக்கர்கள். ரிவர்ஸ் குவோமோ, வீசர் என்ற ராக் குழுவின் பாடகர். ஸ்காட் மர்ஃபி, சிகாகோவின் அலிஸ்டர் என்ற பாப் பங்க் குழுவைச் சேர்ந்தவர். அங்கங்கே ஆங்கிலம் எட்டிப் பார்த்தாலும் (ஜப்பானிய பாப் பாடல்களிலும் அப்படித்தான்), ஆல்பம் ஜப்பானிய மொழி ஆல்பம். பெரும்பாலும் அவர்களே ஆக்கிய பாட்டுகள்.

குவோமோவுக்கும் ஜப்பானுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1996இல் வீசர் வெளியிட்ட ‘பிங்கர்டன்’ ஆல்பத்தின் பெயரே, புச்சினியின் ‘மடாமா பட்டர்ஃபிளை’ ஓபெராவில் நாகசாகிக்கு வரும் அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் பெயர்தான். ஜப்பானிலிருந்து ஒரு ரசிகை போட்ட கடிதத்தை வைத்து எழுதிய பாட்டும் அதில் இருக்கிறது. அந்த ஜப்பான் தூரத்திலிருந்து ஏங்கிப் பார்த்த ஜப்பான். அப்புறம் 2006இல் அவர் ஒரு ஜப்பானியப் பெண்ணை மணந்தார். 2013 ஆல்பத்தில் அந்த ஊர்க்காரர்களிடம் அவர்கள் மொழியிலேயே நேராகப் பேச வந்துவிட்டார். எனக்கு இந்த மாற்றம் பெரிதாகத் தெரிகிறது.

உச்சரிப்பில் அமெரிக்கச் சாயல் கேட்கத்தான் செய்கிறது. நான் கவனிக்கச் சொல்வது வேறு. ஜப்பானிய மொழி மாத்திரைக் கணக்கில் ஓடுகிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பது நமக்குப் பிறவியிலேயே வந்த கணக்கு. எங்கள் வாடிக்கையாளர் தரப்பில் ‘ஒனோ’ சான் ஒருவரும் ‘ஓனோ’ சான் ஒருவரும் இருந்தார்கள் (‘சான்’ பெயரோடு சேர்க்கும் மரியாதைச் சொல்). மின்னஞ்சலில் ஆங்கில எழுத்தில் இருவர் பெயரும் ஒன்றுபோல்தான் வரும். தமிழில் எழுதினால் குழப்பமே இல்லை. நம் பிள்ளைகள் நோட்டில் தமிழில் குறித்துக்கொண்டு இருவரையும் சரியாக அழைத்தார்கள்.

நாம் தடுக்கி விழுவது ஒற்றில். நம் இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை. அவர்களுக்கோ தனியாக நிற்கும் ‘ன்’ ஒரு முழு மாத்திரை, இரட்டிக்கும் ஒற்றும் அப்படியே. ‘நிப்பொன்’ என்றால் நாம் இரண்டு அசையில் முடித்துவிடுவோம். ஜப்பானியர் விரலால் மேசையைத் தட்டச் சொன்னால் நான்கு தட்டு வரும்: நி, ப், பொ, ன். இதை வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் மண்டையில் ஏறாது. பாட்டில் ஏறிவிடும். கிட்டார் ஒரே சீராகப் போகும்போது சொல்லும் அதோடு நடக்க வேண்டுமே. ஆங்கிலக்காரர்களுக்கு ஒரு அசையை அழுத்தி மற்றதை விழுங்குவது இயல்பு. இந்த இருவரும் அந்த இயல்பை அடக்கி, ஒவ்வொரு மாத்திரைக்கும் உரிய இடம் கொடுத்துப் பாடுவதாகத்தான் என் காதுக்குக் கேட்கிறது. அதனால்தான் சாயல் மாறினாலும் சொல் புரிகிறது.

ஜப்பானியப் பாடகி கிமுரா கயேலாவின் 2009ஆம் ஆண்டுப் பாட்டு ‘பட்டர்ஃபிளை’யையும் இந்த ஆல்பத்தில் பாடியிருக்கிறார்கள். ஜப்பானியக் கல்யாணங்களில் அடிக்கடி ஒலிக்கும் பாட்டு. எல்லோருக்கும் மனப்பாடமான ஒன்றை, வெளியிலிருந்து வந்தவர் அவர்கள் முன்னாலேயே பாடிக் காட்டத் துணிச்சல் வேண்டும். ஒரு மாத்திரை பிசகினாலும் கேட்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

“அண்ணா, என்-1 (N1) முடிச்சிட்டு மீட்டிங்ல பேசறேனே” என்று தள்ளிப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வின் உச்ச நிலைதான் அது. அந்தத் தேர்வில் பேசச் சொல்லும் பகுதியே கிடையாது. என்-1 கையில் இருந்தும் ஃபோன் அடித்தால் பக்கத்து சீட்டைப் பார்க்கிறவர்கள் உண்டு. இன்னும் சிலர் ஆங்கிலத்தில் யோசித்து எழுதி, அதை ஜப்பானிய மொழிக்கு மாற்றி, பார்த்து வாசிப்பார்கள். இலக்கணம் சரியாக இருக்கும், எதிரே இருப்பவர் முகத்தில் மட்டும் ஒன்றும் அசையாது. முதல் வரியையே அந்த மொழியில் யோசித்துத் தொடங்கினால் வாக்கியம் சின்னதாக வரும். வரட்டுமே. கேட்கிறவர் நடுவில் புகுந்து கேள்வி கேட்க இடம் கிடைக்கும்.

வெளிநாட்டுக்காரர் இரண்டு வார்த்தை பேசினாலே ஜப்பானியர்கள் “நன்றாகப் பேசுகிறீர்களே” என்று பாராட்டுவார்கள். அது அன்பான உபசாரம், தப்பே இல்லை. ஆனால் அதோடு பேச்சு நின்றுவிடவும் கூடும். ஆல்பத்தில் பாடிய அந்த இருவரும் அதோடு நிற்கவில்லை. மர்ஃபி 2015இல் ஜப்பானிய ராக் பாடகர் ஹோசோமி தகேஷியோடு சேர்ந்து மோனோஐஸ் குழுவில் பேஸ் வாசிக்கத் தொடங்கினார். 2017இல் குவோமோ, மர்ஃபி இருவரின் இரண்டாவது ஆல்பம் ‘நிமாய்மே’ வந்தது.

எங்கள் குழுவில் திருநெல்வேலித் தம்பி ஒருவன் இருக்கிறான். நிஷிகசாயிலிருந்து தோசாய் லைன் ரயிலில் வரும்போது இந்த ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டே தொடையில் தட்டிக்கொண்டு வருவான். போன மாதம் ரிலீஸ் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினான். அவன் மொழியை அன்று ஒருவரும் பாராட்டவில்லை. ஓனோ சான் நேரடியாக, “ஏன் ஒரு வாரம்? மூன்று நாள் போதாதா?” என்று கேட்டார். தம்பி டெஸ்ட் பட்டியலைத் திறந்து, எந்தெந்த வேலை மூன்று நாளில் முடியாது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான்.