டான்டேக்கு வியர்க்கவேயில்லை

நேற்று இரவு கல்லடியில் அக்கா வீட்டில். மருமகனுடன் இருந்து, 'டெவில் மே கிறை' வீடியோ கேமை வைத்து 2025 இல் நெட்பிளிக்ஸில் வந்த அதே பெயர் அனிமேயின் (ஜப்பான் பாணிக் கார்ட்டூன் தொடர்) எட்டுப் பாகங்களையும் ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன். "மாமா, சண்டை என்டா இதுதான்!" என்று அவன் துள்ளுகிறான். எனக்கு ஏதோ குறைந்தது.

2005 இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த, இந்த வரிசையின் மூன்றாவது கேமை விளையாடியவர்களுக்குத் தெரியும். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தால் மதிப்பு ஏறாது. வாள், துப்பாக்கி, மறுபடி வாள் என்று மாற்றி மாற்றி, அடி வாங்காமல் அடித்தால்தான் திரையோரத்து மதிப்பெழுத்து D யில் இருந்து SSS வரை ஏறும். அதற்குள் பெருவிரல் செத்துவிடும். அனிமேயில் கதாநாயகன் டான்டே அதையெல்லாம் சும்மா செய்துவிட்டுப் போகிறான். பார்க்க அழகுதான், ஆனால் அந்த அழகுக்கு நான் எதுவும் கொடுக்கவில்லையே!

அதனால்தான் இதே கேமில் இருந்து வந்த, பலர் திட்டும் 2007 அனிமே எனக்குப் பிடிக்கும். ஜப்பானின் மேட்ஹவுஸ் ஸ்டூடியோ செய்த 12 பாகங்கள். சண்டை கொஞ்சம்தான். டான்டே கடனோடு கடையில் காலை நீட்டிக்கொண்டு பீட்சா தின்கிறான். கேமில் நமக்கு எங்கே அதைப் பார்க்க நேரம்?

கேமில் இருந்து வந்த இன்னொரு நெட்பிளிக்ஸ் தொடரான 'காசில்வேனியா' வேறு கதை. அதற்கு அடிப்படையான, 1989 இல் வந்த மூன்றாவது 'காசில்வேனியா' கேமில் பேச்சே மிகக் குறைவு, அதனால் தொடரை எழுதியவர்களுக்கு இடம் தாராளம்.

சரி, பழைய பிளேஸ்டேஷனைத் தூசி தட்டி, அந்த மூன்றாவது 'டெவில் மே கிறை'யைப் போட்டு மருமகனிடம் கொடுத்தேன். மூன்று தலை நாயிடம் பதினோராவது தடவையும் செத்துவிட்டான். அக்கா கரண்ட் பில்லைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்.