பழைய வயர் அலாரத்துக்குப் புதுப் பெட்டி: வாங்க முதல் அளந்து பாருங்கள்

வீட்டுக் கள்ளர் அலாரத்தின் பழைய பெட்டியை மாற்றப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மேக் (கொம்பனி) நல்லது?" என்று. அந்தக் கேள்விக்கு இன்னும் நேரம் வரவில்லை. சுவருக்குள் கிடக்கிற வயர் நல்லாக இருக்கிறதா, அதன் நுனியில் எத்தனை ஓம் ரெசிஸ்ரர் (கரண்டைத் தடுக்கும் சின்னத் துண்டு) இருக்கிறது, இந்த இரண்டும் தெரிந்த பிறகுதான் எந்தப் பெட்டி பொருந்தும் என்று சொல்லலாம். பெட்டி மாற்றுவது அரை நாள் வேலை. பூசின சுவரை வெட்டிப் புது வயர் இழுக்கத் தொடங்கினால் மேசன், பெயின்ரர் என்று கிழமைக் கணக்கில் போகும்.

கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கம் வெளிநாட்டுச் சொந்தக்காரர் சூட்கேசில் கொண்டுவந்து பூட்டின பெட்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கனடாவில் வாங்கின பெட்டியோடு வரும் ரான்ஸ்போமர் 120 வோல்றுக்கானது. எங்கள் 230 இல் நேரே செருகினால் புகைதான் மிச்சம். டிஎஸ்சி, பரடொக்ஸ் போன்ற கொம்பனிகளின் பெட்டிகள் பலவற்றுக்கு வேண்டியது 16.5 வோல்ற் ஏசி, 40 விஏ (ரான்ஸ்போமரின் கொள்ளளவு). 230 இலிருந்து அதற்கு இறக்கும் ரான்ஸ்போமரைத் தனியாக வாங்குங்கள். சிசிரீவி கமராவுக்கு வரும் 12 வோல்ற் டிசி அடப்ரர் இதற்கு உதவாது. பற்றறியைச் சார்ஜ் பண்ண அந்த 12 போதாது.

கழட்டும்போது முதலில் மெயின் கரண்ட், அடுத்தது பற்றறி. வெளிச்சுவரில் இருக்கும் சைரனை மறந்துவிடாதீர்கள். லண்டன் பக்கத்துச் சைரன்கள் பலவற்றுக்கு உள்ளேயே தனிப் பற்றறி இருக்கும். பெட்டியிலிருந்து வரும் 12 வோல்ற் நின்றதும் அது தானாகவே கத்தும். பழைய இன்ஸ்ரோலர் கோட் (பெட்டியைப் பூட்டினவரின் இரகசிய எண்) தெரிந்தால் அதை அடித்து இன்ஸ்ரோலர் நிலைக்குள் போய்விட்டுத் திறக்கலாம். தெரியாவிட்டால் அயலுக்குச் சொல்லிவிட்டு, ஏணியைச் சுவரில் சாத்தி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

லான்ட்லைன் பெட்டிக்கூடாகப் போயிருந்தால், உள்ளே வரும் இரண்டு வயரையும் வீட்டுப் போனுக்குப் போகும் இரண்டு வயரையும் அடையாளம் போட்டு நேரடியாக இணைத்துவிடுங்கள். பெட்டியைக் கழட்டின பிறகு போன் செத்துப்போனதாக வரும் முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இனி அளவை. வயர்களை ஸ்குரூவிலிருந்து கழட்ட முன் படம் எடுத்து, ஒவ்வொரு சோடிக்கும் மாஸ்கிங் ரேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள்: முன் கதவு, குசினி, விறாந்தை. பிறகு கழட்டின சோடி ஒவ்வொன்றையும் மல்ரிமீற்றரில், கதவு சாத்தியபடி ஒருக்கால், திறந்தபடி ஒருக்கால் பாருங்கள். சாத்தியபோது 5.6 கிலோ ஓம் (இது டிஎஸ்சி கணக்கு, மற்ற மேக்குகளுக்குக் கீழே பாருங்கள்), திறந்தபோது முடிவிலி என்றால் நல்ல வயர். ரெசிஸ்ரர் நுனியிலேயே இருக்கிறது. சாத்தியபோது 5 அல்லது 10 ஓம் மட்டும் காட்டினால் ரெசிஸ்ரர் போடவேயில்லை, அல்லது ஏணி ஏறப் பஞ்சிப்பட்டவர் அதைப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டார். பெட்டிக்குள் இருக்கும் ரெசிஸ்ரரால் பிரயோசனம் இல்லை: இடையில் ஒருவர் இரண்டு வயரையும் ஒட்டவைத்தாலும் பெட்டி "கதவு பூட்டித்தான் இருக்கிறது" என்றே நினைக்கும். கதவு திறப்பதை உணரும் தொடுகையடியில், அதாவது நுனியில், இருந்தால்தான் வயர் ஒட்டின அந்தக் குறுக்கைப் (ஷோர்ட்) பெட்டி பிடிக்கும்.

0.22 சதுர மில்லிமீற்றர் செப்பு வயருக்கு மீற்றருக்கு ஏறத்தாழ 0.08 ஓம். 30 மீற்றர் தூரத்துக் கதவென்றால் போய்வர 5 ஓம் அளவில் வரும். அதே தூரத்துக்கு 60, 100 என்று காட்டினால் எங்கேயோ முறுக்கி விட்ட மூட்டு களிம்பு பிடித்திருக்கிறது. மல்ரிமீற்றரின் சிவப்பு நுனியையும் கறுப்பு நுனியையும் மாற்றிப் பிடிக்கும்போது வேறு எண் வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் வயருக்குள் ஈரம், அல்லது வேறொரு வோல்ற் கசிகிறது. கடைசியாக இரு நுனியையும் கழட்டிவிட்டு வயருக்கு வயர் அளந்தால் முடிவிலி காட்ட வேண்டும். மாரியில் மட்டும் நடுச்சாமத்தில் அடிக்கிற அலாரத்தின் வேர் பெரும்பாலும் இங்கேதான். அதனால் இந்த அளவையை ஆவணி வெயிலில் அல்ல, ஒரு மழைக்குப் பிறகு எடுப்பது புத்தி.

ரெசிஸ்ரரின் கணக்கு பெட்டிக்குப் பெட்டி வேறு. டிஎஸ்சி 5.6 கிலோ ஓம் (ரெசிஸ்ரரில் உள்ள நிற வளையங்கள்: பச்சை, நீலம், சிவப்பு). பரடொக்ஸ் 1 கிலோ ஓம் (மண்ணிறம், கறுப்பு, சிவப்பு). ஹனிவெல் விஸ்ராவுக்கு 2 கிலோ ஓம். பிரித்தானியப் பெட்டிகளில் ஒரே சோடியில் இரண்டு ரெசிஸ்ரர் போடும் முறை உண்டு, 2.2 கிலோ ஓமும் 4.7 கிலோ ஓமும் என்றால் சாத்தியபோது 2.2, திறந்தபோது 6.9, வெட்டினால் முடிவிலி. டிஎஸ்சி பிசி1832 இலிருந்து அதே ஆட்களின் நியோ எச்எஸ்2032 க்குப் போனால் 5.6 ஐத் தொடத் தேவையில்லை. ஆனால் பழைய பிகே5500 கீபாட் (கோட் அடிக்கும் பலகை) நியோவில் வேலை செய்யாது. நாலு வயரும் அதே நிறம் என்பதற்காகப் பூட்டிவிட்டு ஏமாறவேண்டாம். மேக்கை மாற்றினால் கீபாட் எப்படியும் மாறும், ரெசிஸ்ரரும் நுனிக்கு நுனி மாறும். அரைவாசிக் கதவில் மாற்றிவிட்டு மிச்சத்தை விட்டால் அந்தச் சோன்கள் (பெட்டியில் ஒவ்வொரு சோடிக்கும் உள்ள பகுதிகள்) கதவு திறந்தபடி என்றே காட்டிக்கொண்டு நிற்கும்.

சைரனில் ஒரு பொறி. பழைய பெட்டியோடு 8 ஓம் ஹோர்ன் ஸ்பீக்கர் பூட்டியிருந்தால், அதற்கு ஓசை கொடுக்கும் டிரைவர் சர்க்கிட் எங்கேயோ இருந்திருக்கும். புதுப் பெட்டியின் 12 வோல்ற் டிசியை அதற்கு நேரே கொடுத்தால் ஒரு "டக்" கேட்கும், பியூஸ் போகும். 300 மில்லி அம்பியர் இழுக்கிற சைரன் 20 மீற்றர் தூரத்தில் என்றால், மெல்லிய வயரில் ஒரு வோல்ற் கரைந்துவிடும். அதற்குத் தடிப்பான வயர் போடுங்கள், அல்லது ஒரே கேபிளில் மிச்சமுள்ள கோர்களை (உள் வயர்களை) சோடி சேருங்கள்.

பற்றறிக் கணக்கும் இதே மாதிரி. பெட்டிக்கு 100 மில்லி அம்பியர், கீபாட்டுக்கு 100, ஆள் நடமாட்டம் பார்க்கும் சென்சர் நாலுக்கு 60. கூட்டினால் 260. 7 அம்பியர் மணிப் பற்றறி தாளில் 27 மணித்தியாலம் தாங்கும். புதுசாக இருந்தால் 20 ஐ நம்பலாம். 2022 இல் 13 மணித்தியாலக் கரண்ட் வெட்டைப் பார்த்த நாட்டில் இது வீண் கணக்கில்லை. ஆனால் சீல் செய்த லெட் பற்றறி 25 பாகைக்குக் கணிக்கப்பட்டது. வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் பாதி. தகரக் கூரைக்குக் கீழே, மேற்குச் சுவரில் பெட்டியை வைத்தால் ஐந்து வருசப் பற்றறி இரண்டரை வருசத்தில் போய்விடும். மோட்டார்சைக்கிள் பற்றறியை உள்ளே வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். அசிட் ஆவி சர்க்கிட் போர்ட்டைத் தின்னும்.

சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேர இடி. மின்னல் பெட்டிக்குள் வருவது பெரும்பாலும் மெயினாலும் முற்றத்தைக் கடந்து கேற்றுக்குப் போகிற வயராலும்தான். கேற் வயரை நிலத்துக்கடியில் குழாய்க்குள் கொண்டுபோய், பெட்டிக்குக் கிட்ட சேர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின் பாய்ச்சலைத் தடுக்கும் கருவி) போடுங்கள். பெட்டியின் ஏர்த் முனையை வீட்டு ஏர்த்தில் கொடுங்கள். ஏர்த் கம்பி காய்ந்த மண்ணில் நிற்கிறதென்றால் கிணற்றடி, குளியலடி ஈரப்பக்கம் மாற்றலாம்.

பழைய நடமாட்டச் சென்சரைத் திறந்தால் பல்லி முட்டையும் குளவிக் கூடும் எறும்பும் இருக்கும். துடைத்து, வயர் வரும் ஓட்டையைச் சிலிக்கனால் அடையுங்கள். சுவர் 35 பாகைக்குச் சூடாகினால் மனித உடலுக்கும் சுவருக்கும் வெப்ப வித்தியாசம் குறைந்து, அந்த வித்தியாசத்தை வைத்தே ஆளைப் பிடிக்கிற இந்தச் சென்சர் மந்தமாகும். ஆகவே நடந்து பார்க்கும் சோதனையை விடியக்காலமையில் செய்து திருப்திப்பட வேண்டாம், பகல் இரண்டு மணிக்குச் செய்யுங்கள். அப்போது பிடிக்காத அறைக்கு மைக்ரோவேவும் (ரேடியோ அலையால் அசைவைப் பார்ப்பது) சேர்ந்த சென்சர் போடலாம்.

செய்தி அனுப்ப சிம் போடுவதென்றால் 4ஜி மொடியூலாக வாங்குங்கள். பிரிபெய்ட் சிம் றீலோட் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் வெட்டுப்படும், பெட்டி உங்களுக்கு அதைச் சொல்லாமலும் இருக்கலாம். மாதம் ஒருக்கால் ஒரு சோதனைச் செய்தி வரும்படி போட்டுவிடுங்கள். 1234 என்ற பிறவிக் கோட்டை அன்றைக்கே மாற்றுங்கள்.

எல்லாம் பூட்டி முடிந்த அன்று இரவு மெயினை நிறுத்திவிட்டுப் படுங்கள். எட்டு மணித்தியாலம் கழித்துப் பற்றறியில் 12.2 வோல்றுக்கு மேல் நின்றால் சரி. மெயினைப் போட முன் சைரனையும் ஒரு நிமிடம் அடிக்கவிட்டுப் பாருங்கள், 11.5 க்குக் கீழே விழுந்தால் பற்றறியைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். நின்றால் அதன் மேல் மார்க்கரால் திகதி எழுதி மூடியைப் பூட்டலாம்.