ஆன் ப்ரான்டேயைப் பார்க்க ஸ்கார்பரோ போன கதை

ஊர் திரும்பி இன்னும் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. ஆனால் இதைச் சூட்டோடு எழுதிவிட வேண்டும். இங்கிலாந்தில் யார்க்‌ஷர் பக்கம் போகிற நம்மவர்கள் நாவலாசிரியைகளான ப்ரான்டே சகோதரிகள் வாழ்ந்த ஹாவர்த் கிராமத்துக்குப் போகிறார்கள். சார்லட், எமிலி என்று உருகுகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கடைக்குட்டி ஆன் அங்கே இல்லை. மொத்தக் குடும்பமும் ஹாவர்த் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்க, அவள் மட்டும் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊரில் தனியாக இருக்கிறாள். 29 வயதில் போய்ச் சேர்ந்தவள். அவளைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்பதையும் சொல்கிறேன்.

லீட்ஸில் இருக்கும் மதினியும் கூட வந்தார்கள். ரயிலுக்கென்று டிக்கெட் எடுத்த எங்களை யார்க்கில் இறக்கிவிட்டு, தண்டவாள வேலை என்று ஒரு பேருந்தில் ஏற்றினார்கள். மே மாத வெயிலில் ஹீட்டர் ஓடுகிறது, நிறுத்தச் சொன்னால் ஓட்டுநர் கையை விரிக்கிறார். ஜன்னல் திறக்காது. கழிவறை கிடையாது. மால்ட்டன் பக்கம் வண்டிகள் வரிசை கட்டி நிற்க, ரயிலில் ஐம்பது நிமிடத்தில் முடிய வேண்டிய பயணம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியது. டிக்கெட் காசில் ஒரு பென்னிகூடக் குறைக்கவில்லை. ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இதே தடத்தில், 1849 மே 25 அன்று, முற்றிய காசநோயோடு ஆன் ரயிலில் போயிருக்கிறாள். தானாக ஏறி இறங்கத் தெம்பில்லை, பிறர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கூட அக்கா சார்லட், தோழி எலன் நஸ்ஸி. செலவுக்குப் பணம் ஏது என்றால், ஞானத்தாய் ஃபேன்னி அவுத்வெயிட் அந்த ஆண்டுதான் இறந்து ஆனுக்கு 200 பவுண்டு விட்டுப்போயிருந்தார். அந்தக் காசில், தானே பிடிவாதமாகக் கேட்டு வந்த பயணம் இது. ராபின்சன் என்ற பணக்காரக் குடும்பத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்த காலத்தில், கோடைதோறும் அவர்களோடு ஸ்கார்பரோ வந்திருக்கிறாள். அடுத்தவர் வீட்டுச் சம்பளக்காரியாகப் பார்த்த கடலைத் தன் சொந்தக் காசில் பார்க்க வந்தாள் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது.

ஹாவர்த்தில் ப்ரான்டே வீட்டில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? 1848 செப்டம்பரில் அண்ணன் பிரான்வெல் போனான். டிசம்பரில் எமிலி, வயது 30. ஜனவரியில் லீட்ஸிலிருந்து வந்த டாக்டர் டீல் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து ஆனுக்கும் அதே நோய் என்றார். மீன் எண்ணெய், இரும்புச் சத்து மருந்து, தோலைக் கொப்பளிக்க வைக்கும் பற்று, இவ்வளவுதான் வைத்தியம். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்ததே 1882-இல்தான், அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் வர 1943 ஆனது. ஹாவர்த்தின் தண்ணீரும் சாக்கடையும் எவ்வளவு மோசம் என்று 1850-இல் அரசு அறிக்கையே வந்தது. அந்த ஊரில் சராசரி இறப்பு வயது 25.8. பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஆறு வயதைத் தாண்டவில்லை. ப்ரான்டே வீட்டுக்கு மட்டும் சாபம் என்று கதை கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

சரி, ஸ்கார்பரோ. ஸ்டேஷனிலிருந்து செயின்ட் மேரி தேவாலயம் போக ஒரு டாக்சி பிடித்தோம். மீட்டரைப் போடாமல், கடலோரமாக ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு 14 பவுண்டு கேட்டார் அந்த மனிதர். மதினி விடவில்லை, நடுத்தெருவில் நின்று வாதாடி 10-க்குக் கொண்டுவந்தார்கள். அதுவும் அநியாயம். தயவுசெய்து நடந்தே போங்கள். கோட்டைக் குன்றின் ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும், ஆனால் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

தேவாலயத்தை ஒட்டிய சின்னத் தெருவைத் தாண்டி, தனியாக இருக்கும் கல்லறைப் பகுதியில் இருக்கிறாள் ஆன். உப்புக் காற்று கல்லை அரித்து, எழுத்துகள் பொரிந்து உதிர்ந்திருக்கின்றன. யாரோ ஜாம் பாட்டிலில் மஞ்சள் பூ வைத்திருந்தார்கள். அந்தக் கல்லில் வயது 28 என்று வெட்டியிருக்கிறது! 1820 ஜனவரி 17-இல் பிறந்தவளுக்கு 1849 மே 28 அன்று 29 வயது. 1852-இல் சார்லட் வந்து பார்த்தபோது கல்லில் ஐந்து பிழைகள் இருந்தனவாம். திருத்தச் சொல்லியும் வயது மட்டும் தப்பாகவே நின்றுவிட்டது. ப்ரான்டே சங்கத்தார் பிற்பாடு கல்லின் முன்னால் சரியான விவரத்தோடு ஒரு பலகை பதித்திருக்கிறார்கள். அத்தனை குறுகிய ஆயுளில் ஓர் ஆண்டைப் பிடுங்கிக்கொண்டது எனக்குப் பொறுக்கவில்லை.

இறப்பதற்கு ஏழு வாரம் முன்பு எலனுக்கு எழுதிய கடிதத்தில், சாவதற்குப் பயமில்லை, ஆனால் உலகத்துக்கு ஏதாவது நல்லது செய்துவிட்டுப் போக ஆசை, மனதில் எத்தனையோ திட்டங்கள் இருக்கின்றன, எல்லாம் வீணாகக் கூடாது என்கிறாள். மதினி போனில் அதை வாசித்துவிட்டு, "இந்த வயசுல நான் ரெண்டாவது புள்ளைக்கு ஸ்கூல் தேடிட்டு இருந்தேன்" என்றார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் நாங்கள் எதுவும் பேசவில்லை.

கீழே இறங்கி தெற்குக் கடற்கரை. மே 26 அன்று ஆன் இங்கே கழுதை வண்டியில் ஒரு மணி நேரம் போனாள். வண்டிக்காரப் பையன் கழுதையை விரட்டுவான் என்று கடிவாளத்தைத் தானே வாங்கிக்கொண்டாள். எலன் வந்து பார்த்தபோது, கழுதையை நன்றாக நடத்து என்று பையனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாளாம். நடக்கவே முடியாதவள்! கழுதைச் சவாரி இன்றும் உண்டு. பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டோம், எனக்கு ஏற மனம் வரவில்லை.

அவள் உயிர் விட்ட விடுதி இப்போது இல்லை. அந்த இடத்தில் 1867-இல் திறந்த கிராண்ட் ஹோட்டல் நிற்கிறது, சுவரில் ஒரு பலகை இருக்கிறது. எவ்வளவு நேரம் மிச்சம் என்று ஆன் கேட்க, டாக்டர் மறைக்காமல் சொன்னார். உண்மையைச் சொன்னதற்கு அவருக்கு நன்றி சொன்னாள். தைரியமாக இரு என்று அக்காவுக்குத்தான் ஆறுதல் சொன்னாள். சார்லட் தங்கையின் கண்ணை மூடும்போது, பாதி திறந்த கதவு வழியாக, சாப்பாடு தயார் என்று குரல் வந்ததாம். ஒன்பது மாதத்தில் மூன்றாவது சவ அடக்கத்தை அப்பா பார்க்க வேண்டாம் என்று இங்கேயே புதைத்துவிட்டார் சார்லட்.

சாப்பாடு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். துறைமுகம் அருகே ஒரு சின்னக் கடையில் ஹேடாக் மீனும் சிப்ஸும். மேல்மாவு நம் வாழைக்காய் பஜ்ஜி மாதிரி மொறுமொறுவென்று உடைய, உள்ளே வெள்ளை வெளேரென்று மீன் இதழ் இதழாகப் பிரிந்தது. ஒரு பொட்டலம் இருவருக்குத் தாராளம், அதனால் ஒன்றே வாங்குங்கள். ஒரு முக்கிய எச்சரிக்கை: யார்க்‌ஷரில் நிறையக் கடைகள் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கின்றன. சாப்பிடாதவர்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கடற்பறவைகள் கையிலிருந்தே பிடுங்கும், கூரைக்குக் கீழே உட்காருங்கள்.

கிளம்புமுன் அவளுடைய இரண்டாவது நாவலான 'வைல்ட்ஃபெல் ஹால்' குடித்தனக்காரியின் கதையைப் படித்துவிடுங்கள். குடிகாரக் கணவனை விட்டுப் பிள்ளையோடு வெளியேறும் பெண்ணை 1848-இல் எழுதியவள் ஆன். அவள் போனபின் அந்த நாவலை மறுபதிப்பிட வேண்டாம் என்று சொன்னது சார்லட்தான். இதில் எனக்கு சார்லட் மேல் கோபம்தான்.

ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் பாதிக் காசு மிஞ்சலாம். ஞாயிறு வேண்டாம், தண்டவாள வேலை அன்றைக்குத்தான் அதிகம். வழியில் யார்க் மின்ஸ்டர் என்ற பெரிய தேவாலயத்துக்குள் போகத் தனிக் கட்டணம். ஆன் தன் கடைசிப் பயணத்தில் விரும்பிப் போய்ப் பார்த்த கட்டடம் அது. பேருந்தில் போன நேரத்தால் எங்களுக்கு வாய்க்கவில்லை. நீங்கள் அதற்கும் ஒரு தொகையும் அரை நாளும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.