கம்பியூட்டருக்குக் கேளாத சத்தம்

“வாடிக்கையாளர் சொன்ன சத்தம் கேட்கவில்லை” என்று கராஜில் பில்லில் அச்சடித்துத் தந்தார்கள். அதற்குக் கீழே ஒரு மணித்தியாலக் கூலி, அதற்கும் கீழே வரி. கேளாத சத்தத்துக்கும் காசு வாங்கலாம் என்று, யாழ்ப்பாணத்தில் வாகனம் திருத்தும் பட்டறை வைத்திருந்த எங்கள் மாமாவுக்கு ஊரில் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லியிருந்தால் மனிசன் மாடிவீடு கட்டியிருப்பார்.

சத்தம் இருந்தது. கனடாவின் எட்மன்ரனில் மைனஸ் 25ஐத் தாண்டிய காலையொன்றில் பிக்கப்பின் திறப்பைத் திருப்பியதும் பொனற்றுக்குள்ளிருந்து ‘டிக் டிக் டிக்’ என்று கிளம்பியது. அக்சிலேற்றரை மிதித்தால் அதுவும் வேகமெடுக்கும், உரக்கும். ஐந்தாறு நிமிடத்தில் மெல்ல மங்கி, பிறகு இல்லாமலே போய்விடும். கராஜுக்கு ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் நன்றாகச் சூடேறி, அதுவரை வீட்டில் கூத்தாடிவிட்டு விருந்தாட்கள் வந்ததும் கைகட்டி நிற்கிற பிள்ளை மாதிரி நின்றது.

“பொனற்றைத் திறந்து ஒருக்கால் காதைக் கொடுத்துப் பாருங்கோவன்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். என் மகனின் வயதுப் பெடியன், மரியாதையானவன்தான். ஸ்ரியரிங்குக்குக் கீழே இருக்கிற துளையில் கம்பியூட்டர் வயரைச் செருகி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். பிழைக்குறி ஒன்றும் இல்லை. ஆகவே வாகனத்தில் பிழை இல்லை.

அந்தத் துளையை அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தே கார்களுக்கும் பிக்கப்புகளுக்கும் கட்டாயமாக்கிவிட்டார்கள். நல்ல சாமான், குறை சொல்லமாட்டேன். எந்த சிலிண்டர் சரியாக எரியவில்லை, புகைக்குழாயில் ஒட்சிசன் கூடவா குறையவா என்றெல்லாம் சொல்லும். ஆனால் சென்சர் பூட்டிய இடத்துச் செய்திதான் அதற்கு வரும். ஒரு போல்ட்டின் தலை உடைந்து விழுந்ததைச் சொல்ல அங்கே ஒரு சென்சரும் இல்லை. அதற்குத்தான் காது. அந்தக் காதைத்தான் அந்தக் கடையில் ஒருவரும் பாவிக்கவில்லை. ஒருவராவது பொனற்றைத் திறந்து, குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றிருந்தால், சத்தம் பிடிபடாவிட்டாலும் அந்தக் கூலியை மனமாரக் கொடுத்திருப்பேன்.

மற்றபடி இந்த நாடு எனக்குப் பழகிவிட்டது. ரொறன்ரோப் பக்கத்து ஸ்காபரோவிலிருந்து, எட்மன்ரன் இருக்கிற அல்பேட்டா மாகாணத்துக்கு வேலைக்கு மாறி வந்த புதிதில், ஒவ்வொரு வாகனத்தின் முன்பக்கத்தாலும் வயர் தொங்குவதைப் பார்த்து, “இஞ்ச எல்லாரும் கரண்ட் கார்தானோ வச்சிருக்கினம்?” என்று மனைவி வியந்தாள். எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் புளொக் ஹீற்றரின் வயர் அது. இப்போது படுக்கப்போக முன்னம் அதைச் செருகி, விடியப்புறம் மூன்று மணிக்கு ஓன் ஆகும்படி ரைமரை வைப்பதெல்லாம் கை தானாகச் செய்கிற வேலை. மைனஸ் 30இல் எந்தக் கையுறை, எந்தச் சப்பாத்து என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் வகுப்பெடுக்கிறேன்.

ஆனால் வயரைக் கையில் எடுக்கிறபோது, கரண்டே இல்லாத தொண்ணூறுகளின் யாழ்ப்பாணம் வந்துவிடுகிறது. யுத்தத்தால் அரசாங்கம் பெற்றோலை உள்ளே விடாத காலம். மாமாவின் பட்டறை வாசலில் ஒஸ்ரின் கேம்பிரிஜ்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெய் மணத்தோடு வரிசையில் நிற்கும். காபுரேற்றருக்குள் சின்னப் போத்தலிலிருந்து கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் பிடித்துக்கொண்டதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அந்த எண்ணெய் நேரத்துக்கு முந்தி வெடித்து எஞ்சின் கிணுகிணுக்கும்; எரியாதது பிஸ்ரன் ரிங்கால் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். அத்தனை இரைச்சலுக்குள்ளும் மாமா நீட்டு ஸ்குறு ட்றைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதுக் குருத்துக்கு முன்னால் அழுத்தி, “மூண்டாவது டப்பெட்” என்பார், வால்வைத் தள்ளுகிற துண்டு அது. திறந்து பார்த்தால் மூன்றாவதுதான்.

மாமாவுக்கு மட்டுமா காது? இருட்டுக்குள் கிடந்த ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். பொம்மரா, ஹெலியா, கடலிலிருந்து செல்லா என்று பிரித்தறிந்துதான் பங்கருக்குள் பாய்ந்தோம். அப்படிப் பழகின காதிடம் ‘சத்தம் இல்லை’ என்று ஒரு கடுதாசியை நீட்டினால் எப்படி?

அடுத்த நாள் காலை மாமாவுக்கு வாட்ஸப்பில் அழைத்தேன். எனக்கு விடிய ஏழு மணி, ஊரில் பின்னேரம் ஏழரை. போனைப் பொனற்றுக்குள் நீட்டினேன். “ஒண்டும் கேக்கேல்லையடா, நிப்பாட்டிப்போட்டியோ?” என்றார். போனின் புத்தி அப்படி: மனிசக் குரலை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் இரைச்சல் என்று வடிகட்டிவிடுகிறது. கராஜும் போனும் பேசிவைத்துக்கொண்டன போலும். பிறகு கமெராவில் வீடியோவாக எடுத்து அனுப்பினேன்.

மாமா எடுத்த எடுப்பிலேயே பதில் சொல்லவில்லை. ஒயில் மட்டம் எவ்வளவு? சத்தம் அடங்க செக்கனோ, நிமிஷமோ? மிதிக்க உரக்குதோ? கீழிருந்து ‘டொங் டொங்’ என்று கனமாக ஏதும் வருகுதோ? வந்தால் அந்த இடத்திலேயே நிப்பாட்டு, அது பெயறிங்.

“டப்பெட் எண்டால் ராவைக்கு ஒயில் வடிஞ்சு, காலமை ஒயில் ஏறினவுடன அடங்கிப்போடும். இது நிமிஷக் கணக்கில நிக்குது. இரும்பு தட்டுற சத்தமில்லைத் தம்பி. காத்து வெட்டுற சத்தம். மனிபோல்ட்டைப் பார்.”

மனிபோல்ட் என்றால் சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடுகிற குழாய். இந்தக் காலத்து எஞ்சின்களில் பெற்றோலைத் தெளிக்கிற இஞ்செக்ரரும் தன்பாட்டில் டிக் டிக் என்னும், பெற்றோல் ஆவியை இழுக்கிற வால்வும் சொடுக்கும். அவை பிழையல்ல, சூடேறினாலும் நிற்காது. இது நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். பொனற் திறந்திருப்பதைக் கண்டதும், கேளாமலே ஒரு முழ ரப்பர் குழாயோடு வந்தார். ஒரு நுனி காதில், மறுநுனி எஞ்சினின் ஓரம் ஓரமாக. பயணி பக்கம், கடைசிச் சிலிண்டருக்குக் கிட்டப் போனதும் புருவத்தை உயர்த்திவிட்டுக் குழாயை என்னிடம் தந்தார். காதுக்குள் யாரோ சிறு ஊசியால் ஊதுகிற மாதிரி, ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு ‘ச்சிக்’. குழாயை இரண்டு விரல் நகர்த்தினால் இல்லை.

எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, டோர்ச்சையும் மனைவியின் சின்னக் கண்ணாடியையும் உள்ளே விட்டுப் பார்த்தேன். மனிபோல்ட்டும், சிலிண்டர்களை மேலே மூடுகிற ஹெட்டும் பொருந்துகிற இடத்தில் பெருவிரல் அகலத்துக்குக் கரி. அதற்கு மேலே போல்ட் தலை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை.

காரணம் பெரிய மர்மமில்லை. ஹெட் அலுமினியம், மனிபோல்ட் வார்ப்பிரும்பு. சூடேற அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். மைனஸ் 30இல் உறைந்து கிடந்தது சில நிமிடத்தில் நூற்றுக்கணக்கான பாகைக்குப் போய், மாலையில் திரும்பவும் உறையும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்து இழுத்து இடையில் நிற்கிற போல்ட்டை அறுத்துவிடும். குளிரில் அந்த இடைவெளியால் புகை சீறும். இரும்பு விரிந்ததும் இடைவெளி மூடிக்கொள்ளும். அதுதான் சூடேற அடங்கின ரகசியம். சத்தம்தானே என்று விடவும் கூடாது. அந்தப் புகையில் கார்பன் மொனொக்சைட் இருக்கிறது, அதற்கு மணமில்லை. கதவு மூடிய வீட்டுக் கராஜுக்குள் ஸ்டார்ட் பண்ணி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

முந்தின கடைக்கு நான் திரும்பிப் போகவில்லை. வேலையிடத்து ஆளொருவர் சொன்ன சின்னக் கராஜுக்குக் கொண்டுபோனேன். பிலிப்பீன்காரர். “ராத்திரி விட்டுவிட்டுப் போ, குளிரோடு நானே ஸ்டார்ட் பண்ணிக் கேட்கவேண்டும்” என்றார். அந்த வசனத்தைக் கேட்டதும் அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. காலையில் போனபோது, உள்ளே முறிந்து நின்ற போல்ட்டின் நுனியில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தார். வெல்டிங் சூட்டில் துரு விட்டுக்கொடுக்க, நட்டைப் பிடித்துத் திருப்பினார். முதல் நட் கழன்று விழுந்தது. இரண்டாவது பிடித்தது. அரை அங்குலத் துண்டு கறுப்பாக வெளியே வந்தது. புதுக் கஸ்கட், அந்தப் பக்கத்துக்கு முழுக்கப் புதுப் போல்ட். பில்லில் ‘சத்தம் கேட்டது’ என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லலாமா என்று நினைத்தேன், கேட்கவில்லை.

அடுத்த குளிர்காலையில் ஸ்டார்ட் பண்ணி, வீடியோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன்.

“இப்ப சரி” என்று பதில் வந்தது. “ஆனா முன்பக்கம் பெல்ட் ஒண்டு கீச்சிடுதே, உனக்குக் கேக்கேல்லையோ?”

எனக்குக் கேட்கவில்லை. மகன் ஹெட்போன் போட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றான். எஞ்சினை நிறுத்தி பெல்ட்டை மடித்துப் பார்த்தேன். உட்பக்கம் முழுக்கக் குறுக்கே வெடிப்பு. புதுப் பெல்ட்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்சனரையும் சேர்த்து மாற்றச் சொல்லி மாமாவின் உத்தரவு.