பத்துப் பொம்மை, மூன்று தடவை பிரைமர்

மூன்றாவது தடவையில் பிரைமர், அதாவது வண்ணத்துக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு, ஒழுங்காகப் பிடித்துவிட்டது. வார்ஹாமர் விளையாட்டின் ஸ்பேஸ் மரீன் பிளாஸ்டிக் பொம்மை பத்து, 32 மி.மீ. பேஸ் (அடித்தட்டு), கறுப்புக்கு மேலே வெள்ளை ஜெனிதல் (தலைக்கு மேலிருந்து மட்டும் அடிக்கிற வெள்ளை). விரலால் தடவினால் வழுக்குகிறது, தோள்கவசத்தின் விளிம்பு மழுங்கவில்லை. இதே பத்தும் முதல் இரண்டு தடவை அரிசி மாவில் புரட்டி எடுத்த மாதிரி இருந்தன.

"இவ்வளவு காசைக் கொட்டி இது தேவையா?" என்று கேட்கிறவர்கள் எல்லாரும் பெட்டியின் விலையைத்தான் பார்க்கிறார்கள். ஸ்ப்ரூவுக்கு (பொம்மைத் துண்டுகள் ஒட்டிவருகிற பிளாஸ்டிக் சட்டம்) கொடுக்கிற காசு திரும்பக் கிடைத்துவிடும். சிங்கப்பூரில் காசைக் கரைப்பது ஈரப்பதம். கணக்கைக் கடைசியில் போடுகிறேன். முதலில் அந்த வெள்ளைப் பூப்பு எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம்.

சொரசொரப்பில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் பரிகாரமும் தப்பாகிவிடும். தொட்டால் மணல் மாதிரி உதிர்ந்தால், துளிகள் பொம்மையை அடையும் முன்பே காற்றில் காய்ந்துவிட்டன என்று அர்த்தம். ஸ்பிரே டப்பாவை 35, 40 செ.மீ. தள்ளிப் பிடித்திருப்பீர்கள், அல்லது வெயிலில் நின்று அடித்திருப்பீர்கள். உதிராமல் பால் படிந்த மாதிரி மங்கலாக இருந்தால் அது தண்ணீர். டப்பாவின் கரைப்பான் ஆவியாகும்போது பொம்மையின் மேற்பரப்பு சட்டென்று குளிர்கிறது. அந்தக் குளிர் பனிநிலைக்கு (காற்றிலுள்ள நீராவி தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கீழே இறங்கினால் காற்றிலுள்ள ஈரம் பூச்சுக்குள்ளேயே துளித்துளியாகப் படியும். பூச்சு காய்ந்த பிறகு அந்த இடமெல்லாம் நுண்ணிய குழி. அதில் ஒளி சிதறுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது.

இப்போது எண்களைப் பாருங்கள். முதல் தடவை காலை 8 மணி, வீவக அடுக்குமாடித் தாழ்வாரம், 26 டிகிரி, ஈரப்பதம் 92 சதவீதம். அந்த நிலையில் பனிநிலை 24.6 டிகிரி. அதாவது பொம்மை ஒன்றரை டிகிரி குளிர்ந்தாலே போதும், வேலை கெட்டுவிடும். மழையில்லாத நாளின் நடுப்பகலில் இங்கே ஈரப்பதம் 60 சதவீதம் வரை இறங்கும். 31 டிகிரி, 60 சதவீதம் என்றால் பனிநிலை 22.3. கிட்டத்தட்ட ஒன்பது டிகிரி இடைவெளி கிடைக்கிறது. ஆகவே அடிக்க வேண்டிய நேரம் பகல் ஒன்றிலிருந்து நான்கு வரை. இது பலருக்கும் தெரிந்த விஷயம்தான்.

தெரியாமல் போவது இரண்டாவது தடவை நடந்தது. பகல் 2 மணி, 31 டிகிரி, 70 சதவீதம். மோசமில்லை. ஆனாலும் பூத்துவிட்டது. டப்பாவில் தப்பில்லை, தூரத்திலும் தப்பில்லை. பொம்மைகள் 24 டிகிரி ஏர்கான் அறையிலிருந்து நேராக வெளியே வந்தன. 31 டிகிரி, 70 சதவீதத்தில் பனிநிலை 24.9. ஐஸ் போட்ட கோப்பிக் குவளை வெளியே வேர்க்கிற மாதிரி, ஒரு துளி பெயிண்ட் படும் முன்பே பத்துப் பொம்மைக்கும் வேர்த்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அளவு, அவ்வளவுதான். அதன்மேல் பிரைமர் அடித்தால் என்ன ஆகும்?

மூன்றாவது தடவை மாற்றியது இதுதான்: பொம்மைகளையும் டப்பாவையும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்து நிழலில் வைத்தாயிற்று. ஈரப்பதம் அளக்கும் ஹைக்ரோமீட்டர் 61 காட்டிய பிறகுதான் டப்பாவில் கை. டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் உள்ளே அழுத்தம் ஏறி துளி பொடியாக வரும். கொதிநீர் கூடவே கூடாது, 50 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். அடிப்பக்க ஈரத்தைத் துடைத்துவிட்டு, இரண்டு நிமிடம் முழுசாகக் குலுக்க வேண்டும். 20 முதல் 25 செ.மீ. தூரம். பொம்மைக்கு வெளியே தொடங்கி, அதைக் கடந்து, வெளியே போய் விரலை எடுக்க வேண்டும். இரட்டை ஒட்டு டேப் போட்ட சட்டத்தில் ஐந்தைந்தாக நிறுத்தினால் போதும், பத்தையும் நெருக்கினால் நடுவில் இருப்பவை தப்பித்துவிடும். மெல்லிசாக இரண்டு கை, இடையில் 15 நிமிடம்.

வெள்ளையை டப்பாவில் அடிக்கவில்லை, ஏர்பிரஷ்ஷில்தான். மணல் பிடிப்பதில் வெள்ளை டப்பாவை மிஞ்ச எதுவும் கிடையாது. வயேஹோ சர்ஃபேஸ் பிரைமர், 0.4 ஊசி, 20 பிஎஸ்ஐ, தலைக்கு மேலே 45 டிகிரி சாய்வில். தண்ணீர் சார்ந்த பிரைமர் என்பதால் மேற்பரப்பு அவ்வளவு குளிர்வதில்லை, பூப்பும் இல்லை. ஏர்பிரஷ்ஷின் தலைவலி வேறு: கம்ப்ரஸர் விழுங்குகிற காற்றில் இருக்கிற தண்ணீர். 30 டிகிரி, 75 சதவீதக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 22, 23 கிராம் நீராவி. நிமிடத்துக்கு 15 லிட்டர் என்று 20 நிமிடம் ஓட்டினால், அழுத்தத்தில் பிழிந்து சேர்கிற தண்ணீர் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ரெகுலேட்டரில் இருக்கிற நீர்ப்பிடிப்பான் அதில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். காற்று அங்கே இன்னும் சூடாக இருக்கும், மீதி ஹோஸுக்குள் ஆறி, கடைசியில் பொம்மையின் முகத்தில் 'புளிச்'. கைப்பிடிக்குக் கீழே சின்ன இன்லைன் பிடிப்பான் ஒன்று மாட்டுங்கள். டேங்க் உள்ள கம்ப்ரஸராக இருந்தால் அடித்திருகைத் திறந்து ஒவ்வொரு தடவையும் வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே துரு.

வீட்டுக்குள் இருக்கிற குண்டு துளைக்காத அறை (பாம் ஷெல்டர்) காலியாகத்தானே இருக்கிறது என்று அதற்குள் போய் டப்பா அடிக்க வேண்டாம், காற்றே போகாது. தாழ்வாரத்தில் அடிப்பதானால் பெரிய அட்டைப்பெட்டிக்குள், கரிம ஆவிக்கான வடிகட்டி உள்ள முகமூடியோடு. பக்கத்து வீட்டுத் துணி மூங்கிலில் காய்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பனி வெள்ளைப் பள்ளிச் சட்டையில் விழுந்தால் ஆன்ட்டியிடம் பனிநிலை விளக்கமெல்லாம் எடுபடாது.

கெட்டுப்போன பூச்சைக் கழற்ற 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் அக்ரிலிக் உரிந்து வரும். ஸ்ப்ரூ பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. நகப்பூச்சு நீக்கியைத் தொடாதீர்கள், அதிலுள்ள அசிட்டோன் பொம்மையைக் கூழாக்கிவிடும். டமியா எக்ஸ்ட்ரா தின் பசையில் ஒட்டியது பிளாஸ்டிக்கையே கரைத்துச் சேர்ப்பதால் அசையாது. சூப்பர் குளூ ஒட்டு விட்டுப்போகலாம். கரோசெல் விற்பனைச் செயலியில் பழைய பொம்மை வாங்குகிறவர்கள் எதில் ஒட்டியது என்று முதலில் கேட்க வேண்டியது இதனால்தான். சூப்பர் குளூவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நாள்படும். ஆனால் எடுத்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள். அதே கதைதான், உள்ளே வேர்த்துக் கெட்டிப்படும்.

வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. அடைத்த அழுத்த டப்பாவை விமான அஞ்சலில் அனுப்ப மாட்டார்கள், ஆகவே டப்பாவுக்கு உள்ளூர்க் கடை சொல்வதுதான் விலை. சொட்டுக் குப்பிப் பெயிண்ட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், ஆனால் 400 வெள்ளிக்குக் கீழே வரி இல்லை என்ற பழைய சலுகை 2023 ஜனவரியோடு போயிற்று. இப்போது 9 சதவீதம் பொருள் சேவை வரியைச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். சிட்டடெல் பெயிண்ட் குப்பி 12 மி.லி., வயேஹோ 17, 18. குப்பி விலையைப் பார்க்காமல் மி.லி. விலையைப் பாருங்கள். தூரிகைக்குப் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் ஆர்ட் ஃபிரெண்ட் போதும். பெயிண்ட் காயாமல் வைக்கிற ஈரத் தட்டுக்குத் தனியாகக் காசு வேண்டாம்: மூடியுள்ள சாப்பாட்டு டப்பா, சமையலறை டிஷ்யூ, பேக்கிங் தாள். இங்கே மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும், குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

சரி, கணக்கு. பெட்டி 90 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வார்ப்புக் கோடு சுரண்டுவதிலிருந்து வார்னிஷ் வரை ஒரு பொம்மைக்கு மூன்று மணி நேரம், பத்துக்கு முப்பது. மணிக்கு 3 வெள்ளி. பெயிண்ட்டைச் சேர்த்தாலும் நான்கைத் தாண்டாது. இதை யாரும் ஊதாரித்தனம் என்று சொல்ல முடியாது. ஒரு தடவை பிரைமர் கெட்டால் அரை டப்பா 15 வெள்ளி, ஆல்கஹால் 10, தேய்க்க நான்கு மணி நேரம். இரண்டு தடவைக்கு 50 வெள்ளி, பெட்டியில் பாதிக்கு மேல். ஹைக்ரோமீட்டர் பத்து வெள்ளிக்குள் கிடைக்கிறது.

ஏர்பிரஷ் வாங்கினால் மிச்சமா? டப்பா 30 வெள்ளி, 25 பொம்மைக்கு வரும், தலைக்கு 1.20. 60 மி.லி. பிரைமர் 15 வெள்ளி, பொம்மைக்கு 1 மி.லி., தலைக்கு 25 காசு. கம்ப்ரஸரோடு செட் 200 வெள்ளி என்றால் அது திரும்ப வர 210 பொம்மை பூச வேண்டும். அலமாரியில் உடைக்காத பெட்டி நான்கைந்து கிடக்க, பிரைமருக்கென்று மட்டும் ஏர்பிரஷ் வாங்குவது வீண். அந்தப் பெட்டிகளுக்குத்தான் மணிக்கணக்கே போட முடியாது.

வார்னிஷ் இன்னும் பாக்கி. மேட் வார்னிஷ் டப்பாவும் இதே மாதிரிதான் பூக்கும், ஆனால் அது பிரைமர் அளவுக்குக் கொடுமை இல்லை. பளபள வார்னிஷைத் தூரிகையால் மெல்லிசாகப் பூசினால் குழிகள் நிரம்பி வண்ணம் திரும்பிவிடும், ஒரு நாள் விட்டு மேட்டை ஏர்பிரஷ்ஷில் அடித்துக்கொள்ளலாம். இப்போது வடகிழக்குப் பருவமழை, பகல் மூன்று மணிக்கும் ஹைக்ரோமீட்டர் 85இல் நிற்கிறது. பிப்ரவரிதான் இங்கே மழை குறைந்த மாதம். அதுவரை பத்துப் பேரும் மூடியுள்ள பெட்டியில், சிலிக்கா ஜெல்லோடு. இடையில் பேஸுக்கு மணல் ஒட்டிவிடலாம், பிவிஏ பசை காய இந்த மழையில் இரண்டு நாள் ஆகும்.