ஈரி ஏரிக்கரையில் பித்தளை பொறுக்குபவர்கள்

கிளீவ்லாண்டிலிருந்து மேற்கே 2ஆம் எண் சாலையைப் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போர்ட் கிளின்டன் வந்துவிடுகிறது. ஈரி ஏரிக்கரையில் உள்ள சின்ன ஊர். படகுத்துறையும் பெர்ச் மீன் வறுக்கும் கடைகளும்தான் அதற்கு அடையாளம். ஊரைத் தாண்டிச் சில மைல் போனால் வலப்பக்கம் கேம்ப் பெர்ரி. ஒஹாயோ தேசியக் காவல்படையின் முகாம் அது. 1813இல் இந்த ஏரியில் பிரிட்டிஷ் கப்பல்களை வென்ற ஆலிவர் ஹசார்ட் பெர்ரியின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். அமெரிக்கத் தேசியத் துப்பாக்கிச் சுடும் போட்டிகள் 1907 முதல் இங்கே நடக்கின்றன. சுடுவது ஏரியை நோக்கித்தான். படகு ஏதாவது எல்லைக்குள் வந்துவிட்டால் அது விலகும்வரை எல்லாரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

என்னைக் கூட்டிப்போனவர் என் பக்கத்து வீட்டுப் பெரியவர். வியட்நாமில் இருந்தவர். பல ஆண்டுகளாக வேலியோரம் நின்று தோட்டம், பனி, பேரப்பிள்ளைகள் என்று எவ்வளவோ பேசியிருக்கிறோம், வியட்நாம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வந்ததில்லை. போட்டிக்கு முந்தைய நாள் மாலை, வழியில் இருக்கும் நண்பர் வீட்டில் தங்கிவிட்டுப் போகலாம் என்றார். உண்மையைச் சொன்னால், அந்த வீட்டின் பேஸ்மென்ட்டைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே ஆரம்பித்தேன்.

நீளமான மர மேசை. அதில் போல்ட் போட்டு இறுக்கிய, கைப்பிடியை இழுத்து அழுத்தும் நாலைந்து இரும்பு பிரஸ்கள். மூலையில் டம்ப்ளர் என்ற சுழல் டிரம் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே மக்காச்சோளக் கட்டைத் தூளோடு, ஏற்கெனவே சுட்ட பித்தளை ஓடுகள் உருண்டு பளபளப்பாகின்றன. மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். பெரும்பாலானவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். ஈராக்கில் லாரி ஓட்டிய நடுவயதுப் பெண் ஒருவரும், ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய இளைஞர் ஒருவரும் இருந்தார்கள். வாரம் ஒரு மாலை இங்கே கூடித் தங்கள் துப்பாக்கிகளுக்கான தோட்டாக்களைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். ரீலோடிங் என்று இதைச் சொல்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால் அமெரிக்காவில் இதற்கு மத்திய அரசின் உரிமம் வேண்டாம், விற்றால்தான் வேண்டும். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா செய்யவே முடியாது என்பதால் எனக்கு அந்த மேசையே புதிய உலகமாக இருந்தது.

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள்: பித்தளை ஓடு, அடி விழுந்ததும் பொறி தரும் பிரைமர், எரிந்து குண்டைத் தள்ளும் பவுடர், குண்டு. சுட்ட பிறகு ஓடு மட்டும் மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, வெடித்தபோது விரிந்ததைப் பழைய அளவுக்கு அழுத்தி, பிறகு மற்ற மூன்றையும் புதிதாக வைக்கிறார்கள். பவுடரை நிறுக்கும் அளவு கிரெயின். ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம், நம் பொற்கொல்லர்கள் வைத்திருந்த குன்றிமணியில் பாதி. பவுடர் தயாரிப்பாளர்கள் வெளியிடும் கையேடு மேசையில் திறந்தே இருக்கிறது. அதைத் தாண்டி யாரும் சொந்தக் கணக்குப் போடுவதில்லை. ஒரு நேரத்தில் மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கலாம்.

என்னை அதிகம் கவர்ந்தது அடுத்த கட்டம். பவுடர் நிரப்பிய ஓடுகளை ஒருவர் துளையிட்ட கட்டையில் வரிசையாக நிறுத்துகிறார். குண்டு வைப்பதற்கு முன் இன்னொருவர் டார்ச் அடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறார். ஒன்றில் பவுடர் விழாமல் போனால் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளும், தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி வெடிக்கும். இரண்டு மடங்கு விழுந்தாலும் அதே கதிதான். அதனால் நிரப்பியவரே சரிபார்க்கக் கூடாது என்பது அந்த வீட்டின் விதி. அந்தப் பெண்தான் அன்று சரிபார்த்தவர். அவர் சுடுவதை விட்டுப் பல வருடம் ஆகிறது, சத்தம் ஒத்துக்கொள்வதில்லை. ஆனாலும் வாராவாரம் வருகிறார். அவர் தலையசைக்காமல் எந்தக் கட்டையும் நகராது.

இந்தப் பொழுதுபோக்கு பரவியதற்கே போர்தான் காரணம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவத்திடம் மலையளவு பவுடர் மிஞ்சியது. கேன்சஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் அதில் 4895 என்ற வகையை வாங்கி, வீட்டில் தோட்டா செய்பவர்களுக்கு விற்க ஆரம்பித்தார். அதே எண் கொண்ட பவுடர் இன்றும் அந்த மேசையில் இருந்தது. எம்1 கரண்ட் என்ற பழைய ராணுவத் துப்பாக்கிக்கு அதுதான் பொருந்தும் என்றார்கள்.

பேச்சு எப்போது வியட்நாமுக்குப் போனது என்று கவனிக்கவில்லை. பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்துக்கொண்டே பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார், யார் முகத்தையும் பார்க்காமல். வியட்நாமுக்குப் படைவீரர்களைப் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் அனுப்பினார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு மாதம், மரைன்களுக்குப் பதின்மூன்று. நாள் முடிந்ததும் ஒவ்வொருவரும் தனியாக விமானம் ஏறினார்கள். இரண்டாம் உலகப் போர்க்காரர்கள் பலர் கப்பலில் வாரக்கணக்கில் சேர்ந்து பயணம் செய்து ஊர் திரும்பினார்கள். இவர்களோ காட்டில் ஒரு நாள், இரண்டொரு நாளில் அம்மாவின் சமையலறையில். கூட இருந்தவர்கள் பிழைத்தார்களா என்றுகூடப் பலருக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்து "எப்படி இருந்தது?" என்று யாராவது கேட்டிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார் என்று நினைக்கிறேன். கைக்கு வேலையும் பக்கத்தில் ஆளும் இருக்கும்போது வார்த்தை தானாக வருகிறது. நடுவில் அவர் நிறுத்தியபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் அடுத்த பித்தளை ஓட்டை எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்த மேசையைப் பற்றி எழுதும்போது ஒன்றை மறைக்க முடியாது. அமெரிக்காவில் தற்கொலை செய்துகொள்ளும் முன்னாள் ராணுவத்தினரில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் துப்பாக்கியால்தான் சாகிறார்கள் என்று அரசின் அறிக்கைகளே சொல்கின்றன. இவர்களுக்கும் அது தெரியும், தயக்கமில்லாமல் பேசுகிறார்கள். யாருக்காவது மனசு சரியில்லாத காலம் என்றால் அவருடைய துப்பாக்கிகளை இன்னொருவர் தன் வீட்டுப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிக்கொள்கிறார். பெரியவரின் துப்பாக்கிகளும் ஒரு குளிர்காலம் முழுக்க இந்த பேஸ்மென்ட்டில் இருந்திருக்கின்றன. ஒருவர் வராவிட்டால் அன்றிரவே போன் போகும், எடுக்காவிட்டால் கார் போகும். படிக்கட்டுச் சுவரில் 988 என்ற நெருக்கடி உதவி எண்ணும், அடுத்து 1ஐ அழுத்து என்ற குறிப்பும் ஒட்டியிருந்தன. துப்பாக்கி பற்றி எனக்கு இருந்த பயம் போய்விடவில்லை. ஆனால் இவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் விதத்தில் எனக்கு முழு மரியாதை உண்டு.

மறுநாள் கேம்ப் பெர்ரியில் நல்ல வெயில். மேற்கே டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரம் தெரிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலிய, ஜெர்மானியப் போர்க்கைதிகளை வைத்திருந்த முகாமும் இதுதான். அன்று கரண்ட் போட்டி. 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட எம்1 கரண்ட் துப்பாக்கிக்காக, அதை வடிவமைத்த ஜான் கரண்டின் பெயரில் நடப்பது. எட்டுத் தோட்டாக்கள் கொண்ட இரும்புக் கிளிப், கடைசிக் குண்டு போனதும் "டிங்" என்று தெறித்து விழுகிறது. வரிசை முழுக்க அந்தச் சத்தம்.

எல்லாரும் சுடுவதில்லை. ஒரு குழு சுடும்போது இன்னொரு குழு இலக்குகளுக்குக் கீழே பள்ளத்தில் நிற்கிறது. அவர்கள் அட்டையை இறக்கி, குண்டு பட்ட இடத்தில் வில்லையைச் செருகி, மறுபடி ஏற்றுகிறார்கள். அப்புறம் இடம் மாற்றிக்கொள்கிறார்கள். வந்திருந்தவர்களில் பலருடைய காதில் இயர்மஃபுக்கு அடியில் காது கேட்கும் கருவி இருந்தது. காதில் ஓயாத ரீங்காரம்தான் முன்னாள் ராணுவத்தினர் இழப்பீடு பெறும் குறைபாடுகளில் முதலிடத்தில் இருப்பது.

சுற்று முடிந்ததும் எல்லாரும் குனிந்து தத்தம் பித்தளை ஓடுகளைப் பொறுக்கினார்கள். முழங்கால் மடக்க முடியாத பெரியவருக்காக அந்த ஆப்கானிஸ்தான் இளைஞர் பொறுக்கி, தொப்பியில் போட்டுக் கொடுத்தார். மதிப்பெண்ணைப் பற்றி இருவரும் காருக்குப் போகும்வரை சண்டை போட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: போட்டிகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் நடக்கும். ராணுவ முகாம் என்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். காதடைப்பான் இல்லாமல் போகவே போகாதீர்கள். நேரம் இருந்தால் படகில் புட்-இன்-பே தீவுக்குப் போய் 352 அடி உயரமுள்ள பெர்ரி நினைவுத்தூணையும் பாருங்கள். முன்பு சண்டையிட்ட பிரிட்டன், கனடா, அமெரிக்கா ஆகியவற்றுக்கு இடையில் நிலைத்த அமைதிக்காகவும் எழுப்பியது அது. முன்னாள் ராணுவத்தினர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.