எரிந்த காட்டுத் தேரையின் தோல்

காட்டுத்தீ அடங்கியதும் எத்தனை தவளைகள் தப்பின என்று கணக்கெடுப்பது வழக்கம். தப்பியவற்றின் தோலில் எந்த நுண்ணுயிர்கள் தப்பின என்பதே என்னை ஈர்க்கும் கேள்வி. தவளைகளும் தேரைகளும் தோலின் வழியாகவே நீரை உறிஞ்சுகின்றன, ஓரளவு சுவாசிக்கவும் செய்கின்றன. அந்த ஈரத் தோலில் வாழும் பாக்டீரியாக்களுள் சில, உலகெங்கும் தவளைகளைக் கொன்றுவரும் கைட்ரிட் பூஞ்சையை அடக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. ஜாந்தினோபாக்டீரியம் லிவிடம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் வயலசீன் என்ற ஊதா நிறமி இதற்குப் பேர்போனது: 2009இல் வெளியான ஆய்வில், கலிபோர்னியாவின் மலைத் தவளைகள் சிலவற்றின் தோலில் இந்த பாக்டீரியாவைச் சேர்த்த பிறகு பூஞ்சையைத் தொற்றவைத்தபோது, அவை சாகாமல் தாக்குப்பிடித்தன.

தவளை அவ்வப்போது தோலுரிக்கும்போது இந்த நுண்ணுயிர்களில் பெரும்பகுதி கழன்றுபோகிறது. இழந்ததை ஈடுசெய்வதில் சுற்றியுள்ள மண்ணுக்கும் நீருக்கும் பங்குண்டு. தீ கைவைப்பது அங்கேதான். மேல்மண் வெந்து, சாம்பலால் காரத்தன்மை ஏறியதும், மாசிலியா போன்ற சில பாக்டீரியாக்கள் மளமளவெனப் பெருகுகின்றன. மாசிலியாவும் ஜாந்தினோபாக்டீரியமும் ஒரே குடும்பம்தான், ஆனால் உறவை வைத்துப் பூஞ்சைக்கு எதிரான காவலை எதிர்பார்க்க முடியாது.

இதையெல்லாம் இழப்புக் கணக்கிலேயே எழுதிவிடவும் எனக்கு மனமில்லை. அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில், எரிந்த பகுதித் தேரைகளிடம் கைட்ரிட் தொற்று குறைவாக இருந்ததை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மர நிழல் போனதும் தரையும் நீரும் சூடேறுகின்றன. 17 முதல் 25 பாகை செல்சியஸில் செழிக்கும் அந்தப் பூஞ்சையோ 28 பாகையைத் தாண்டினால் திணறுகிறது. ஆகவே தோலில் பாக்டீரியா வகைகள் குறைந்திருப்பதை மட்டும் பார்த்துத் தேரை காவலற்றுப் போனதென்று முடிவுகட்டுவது அவசரமே.

மாதிரி எடுப்பதும் பொறுமையைக் கேட்கும் வேலை: ஒவ்வொரு விலங்குக்கும் புதிய கையுறை அணிந்து, ஒட்டிய மண் போகத் தூய்மைமிக்க நீரில் அலசி, வயிற்றிலும் தொடையிலும் விரலிடைச் சவ்விலும் பஞ்சுக்குச்சியால் தேய்த்தெடுக்கிறார்கள். தீ எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரியாததால் எரிவதற்கு முந்தைய மாதிரி அரிதாகவே கிடைக்கும். பக்கத்தில் எரியாமல் தப்பிய இடத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. ஆனால் தப்பிய இடம் பலவேளை ஈரமான பள்ளமாக இருக்குமாதலால், அங்குள்ள நுண்ணுயிர்கள் தீக்கு முன்பே வேறுபட்டிருக்கவும் கூடும்.